சாமிக்கு லீவு உண்டு

மாசி மகத்தன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் லீவில் போகிறார். காரணம், தகப்பனார் திதி. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லாத குறை தீரச் சாமியே பிள்ளையாக வந்தார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. ராஜா போரில் மாண்ட பிறகு, பெற்ற பிள்ளை செய்ய வேண்டியதை வருஷா வருஷம் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய்ச் செய்துவிட்டு ஒழுங்காகக் கோயிலுக்குத் திரும்பிவிடுகிறார். இது போக, ரதசப்தமிக்கு ஒரு நடை எங்கள் கலசப்பாக்கத்துக்கு வந்து செய்யாற்றில் தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போவதும் உண்டு. சிறைத்துறைக் கணக்கில் கலசப்பாக்கத்துக்கு வருவது சாதாரண விடுப்பு; பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போவது அவசர விடுப்பு.

இத்தனை காலத்தில் அவரைப் பற்றி அறிக்கை கேட்டு எந்தக் காவல் நிலையத்துக்கும் ஓலை போனதில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும் சேதி. குடியிருப்பு, சுடுகாடு. முகவரிச் சான்று, இல்லை. தொழில், பிச்சை. சேர்க்கை, பூதகணம். உடுப்பு புலித்தோல், அதற்கே வனத்துறை தனியாக ஒரு வழக்குப் போடும். உடம்பில் பாதியை அம்மாள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால் ஜாமீனுக்குக் காட்ட முழுசாக ஒரு சொத்து கிடையாது. பிரம்மன் தலையைக் கிள்ளிய கேஸ் வேறு நிலுவையில் இருக்கிறது. நிலுவை வழக்கு உள்ளவருக்கு விடுப்பு இல்லை என்கிறது சிறை விடுப்பு விதி 35. போதாததற்கு, செத்தவர் பெற்ற தகப்பனும் இல்லை. உறவுச் சான்று எங்கே? மனு நிராகரிக்கப்படுகிறது.

நல்லவேளை, சாமி அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறார். சிறைத்துறையின் கீழ் இருந்திருந்தால் வல்லாள மகாராஜா இன்றுவரை எள்ளும் தண்ணீரும் இல்லாமல் கிடந்திருப்பார்.

பரோல் என்று சினிமாவிலும் டீக்கடையிலும் சொல்கிறோம். தமிழ்நாட்டு விதிப் புத்தகத்தில் அதற்குப் பெயர் விடுப்பு. 1982இல் வந்த தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் என்று ஒன்று இருக்கிறது. நெருங்கிய உறவில் சாவு, சாகக் கிடக்கும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. மூன்று வருஷம் உள்ளே கழித்த தண்டனைக் கைதிக்கு மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம்வரை சாதாரண விடுப்பு. காகிதத்தில் படித்தால் கண்ணில் நீர் வரும், அவ்வளவு கருணை. எழுதியவருக்குத் தாய் தகப்பன் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கருணையில் ஒரு வேடிக்கை. விடுப்பு என்பது தண்டனை பெற்றவருக்கு. குற்றம் செய்தார் என்று நீதிமன்றமே முடிவு சொன்ன ஆள், அம்மா செத்தால் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதலாம். இன்னும் குற்றவாளி என்று யாரும் சொல்லாத விசாரணைக் கைதிக்கு இந்த விதி எதுவும் கிடையாது. அவர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்கால ஜாமீனோ, போலீஸ் காவலோடு போய்வர அனுமதியோ கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வேண்டும், வாய்தா வாங்க வேண்டும். அதுவரை பிணம் காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பிணம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது சட்டம் படித்தவர்களுக்குத் தெரியாது. இந்தியச் சிறைகளில் 2022 முடிவில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். லீவு விதி எழுதிய கை, முக்கால்வாசிப் பேரைத் தாண்டிப் போய் எழுதியிருக்கிறது.

உள்ளே போக ஒரு கையெழுத்து போதும். மாஜிஸ்திரேட்டு ரிமாண்டு காகிதத்தில் போடுகிற கையெழுத்து. கலசப்பாக்கத்தில் பிடித்த ஆளை அன்று ராத்திரிக்குள் வேலூரில் கொண்டுபோய் அடைத்துவிடலாம். வெளியே வருவதற்குத்தான் அரசாங்கம் ஒரு மலையைக் கட்டி வைத்திருக்கிறது. அந்த மலைக்குப் பெயர் நிர்வாக அமைப்பு.

மலை உச்சியில் கோட்டை, அங்கே உள்துறை. அதற்குக் கீழே சென்னையில் சிறைத்துறைத் தலைவர், டி.ஜி.பி. அந்தஸ்தில். அவருக்குக் கீழே சரகத்துக்கு ஒரு டி.ஐ.ஜி. அவருக்குக் கீழே மத்திய சிறைக்கு ஒரு கண்காணிப்பாளர். வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை, புழலில் இரண்டு. அவருக்குக் கீழே கூடுதல் கண்காணிப்பாளர், ஜெயிலர், துணை ஜெயிலர், உதவி ஜெயிலர், தலைமைக் காவலர், காவலர். பக்கவாட்டில் நல அலுவலர், உளவியலாளர், நன்னடத்தை அலுவலர். எல்லாருக்கும் கீழே, கைதிகளிலேயே ஒருவரைக் காவலராக்கி மற்ற கைதிகளை மேய்க்கிற ஏற்பாடு. கன்விக்ட் வார்டர் என்று பெயர். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சிக்கனம். ஆட்டைக் காக்க ஆட்டையே வைத்தால் தீனிச் செலவு மிச்சம்.

இந்த ஏணியின் வேலை என்ன என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மனுவை மேலே ஏற்ற என்று நினைத்தேன். தப்பு. பொறுப்பைக் கைமாற்றத்தான். காவலரைக் கேட்டால் ஜெயிலரைப் பாருங்க. ஜெயிலரைக் கேட்டால் எஸ்.பி. ஐயா கையில் இருக்கிறது. எஸ்.பி.யைக் கேட்டால் நன்னடத்தை அலுவலர் ரிப்போர்ட் வரவில்லை. அவரைக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷன்காரர் இன்னும் எழுதவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், எங்கே? சாமி லீவில் வருகிறார், அதற்கு. சாதாரண விடுப்பு என்றால் டி.ஐ.ஜி. மேசைக்குப் போக வேண்டும். விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்றால் கோட்டைக்குப் போக வேண்டும். எங்குமே நகரவில்லை என்றால் பெண்டாட்டியோ தாயோ சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடுகிறார்கள். ஆள் எங்கே என்று தெரியாதபோது போட வேண்டிய மனு அது. இங்கே ஆள் எங்கே என்று அரசாங்கத்துக்கு நம்பர் உட்படத் தெரியும். காணாமல் போனது ஃபைல்.

பெயர் மாற்றுவதில் மட்டும் தாமதமே இல்லை. சிறைத்துறை என்பது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை ஆயிற்று. கைதி என்று சொல்லக் கூடாது, சிறைவாசி. போன வருஷம் அடி வாங்கிய கைதி இந்த வருஷம் அடி வாங்கும் சிறைவாசியாக உயர்ந்திருக்கிறார். 1894இல் விக்டோரியா ராணி காலத்தில் வந்த சிறைச் சட்டம்தான் இன்றைக்கும் அஸ்திவாரம். கைதியை அடிக்கிற பிரம்பு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்றுகூட அரை அங்குலக் கணக்கில் எழுதிவைத்த சட்டம் அது. 2023இல் தில்லி ஒரு மாதிரிச் சட்டம் எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. மாதிரி என்றால் நம் ஊரில் ஷோகேஸில் வைப்பது.

சீர்திருத்தம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வேலூருக்குப் போவோம். தொரப்பாடியில் மத்திய சிறை, 1830இலிருந்து இருக்கிறது. அதே தொரப்பாடியில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகமும் இருக்கிறது; 1979இல் தொடங்கியது. தென் மாநிலச் சிறை அதிகாரிகள் அங்கே வந்து, கைதியை மனிதனாக நடத்துவது எப்படி என்று பாடம் படித்துவிட்டுப் போகிறார்கள். பாடம் நடக்கும் ஊரிலேயே 2024இல் வந்தது ஒரு வழக்கு. ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரை டி.ஐ.ஜி. வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், அந்த வீட்டில் நாலரை லட்சம் திருடினார் என்று சொல்லி அடித்தார்கள், தனிக் கொட்டடியில் போட்டார்கள் என்று அவருடைய தாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் சொன்ன பிறகு, செப்டம்பரில் சி.பி.சி.ஐ.டி. போலீசார் சிறைத்துறையினர் 14 பேர் மேல் வழக்குப் பதிந்தார்கள். டி.ஐ.ஜி.யிலிருந்து காவலர்வரை பட்டியலில் இருந்தார்கள். குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் பாடு. அதற்குள் நான் தலையிடவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். லீவு மனு ஏற மாசக்கணக்காகும் அதே ஏணிதான். வீட்டு வேலைக்கு ஆள் இறங்க வேண்டும் என்றால் மட்டும் அத்தனை படியும் ஒரே நாளில் எண்ணெய் போட்டதுபோல் வேலை செய்யுமோ?

அந்தப் பயிற்சிக் கழகத்துப் பாடப் புத்தகத்தில் துணி துவைப்பது எந்த அத்தியாயம் என்று விசாரிக்க வேண்டும்.

கைதிகள் செய்கிற பொருளையே கணக்கில் ஏற்றியும் ஏற்றாமலும் காசு பார்த்ததாக, மதுரை மத்திய சிறை விவகாரத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை 2024 டிசம்பரில் வழக்குப் போட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேல் என்றார்கள். அரசு அலுவலகங்களுக்கு ஃபைல் அட்டையும் கவரும் சிறையில்தான் தயாராகின்றன. தன் லீவு மனு எந்த அட்டைக்குள் தூங்கப் போகிறதோ, அந்த அட்டையைக் கைதியே ஒட்டிக் கொடுக்கிறார். இப்படியொரு சுயதேவைப் பொருளாதாரத்தைக் காந்திகூட யோசித்திருக்க மாட்டார்.

உள்ளேயும் எல்லாரும் ஒன்றில்லை. படிப்பு, அந்தஸ்து, வாழ்ந்த பழக்கம் பார்த்து முதல் வகுப்பு கொடுக்கிற விதி நம்மிடம் உண்டு. வீட்டில் கட்டிலில் படுத்துப் பழகியவருக்குச் சிறையிலும் கட்டில். மண் தரையில் படுத்துப் பழகியவருக்கு மண் தரை பழக்கம்தானே, எதற்குச் சிரமம்? 2018 செப்டம்பரில் புழல் சிறைக்குள் சில பேர் சொகுசாக இருக்கிற படங்கள் வெளியே வந்தபோது, அவர்களில் பலர் முதல் வகுப்பு, அவர்களுக்குச் சில வசதிகள் விதிப்படிதான் என்று விளக்கம் வந்தது. விளக்கத்தில் பொய் இல்லை. விதியே அப்படித்தான். பாளையங்கோட்டையில் சாதி வாரியாகப் பிளாக் பிரித்து அடைத்ததும் அமைதியின் பேரில்தான். சிறைக்குள் சாதி பார்த்துப் பிரிக்காதே, சாதி பார்த்து வேலை கொடுக்காதே என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. குடியரசாகி எழுபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு.

இப்போது மலைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சிரித்தது போதும்.

கலசப்பாக்கத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். ஓட்டுக்கு நாங்களும் மலைக்காரர்களும் ஒரே தொகுதி. மற்றதற்கு அவர்கள் வேறு உலகம். சாமை, தேன், புளி, பலா. மானாவாரி நிலம் வயிற்றுக்கு எட்டாத மாசங்களில் ஆண்கள் கூலிக்கு இறங்குகிறார்கள். அவர்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில். மலையை ஆளும் மனிதருக்குத் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். அந்த ஆளைத்தான் ஏஜெண்டு ஒருவன் வந்து, ஆந்திராவில் மரம் வெட்டுகிற வேலை, நல்ல கூலி என்று லாரியில் ஏற்றுகிறான். என்ன மரம் என்று சிலருக்குத் தெரியும், சிலருக்கு அங்கே போன பிறகு தெரியும். சேஷாசலம் காட்டுச் செம்மரம். அதை ஏற்றுமதி செய்கிறவன் எந்த ஊர், எந்த மாளிகை என்று வெட்டுகிறவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்ல மனமில்லை.

2013 டிசம்பரில் அந்தக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கொடுமை, அதில் இரண்டாவது பேச்சில்லை. அதற்குப் பதிலாக நடந்தது என்ன? ஏறத்தாழ முந்நூறு பேரைப் பிடித்து அடைத்தார்கள்; பெரும்பாலோர் நம் மலைகளைச் சேர்ந்தவர்கள். இரண்டு பேரை முந்நூறு பேர் சேர்ந்து கொன்றார்கள் என்றால், ஆளுக்கு ஒரு கை வைக்கக்கூட இடம் இருந்திருக்காது. 2016இல் திருப்பதி நீதிமன்றம் ஆதாரமில்லை என்று விடுவித்தது. இடையில் போன இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தை எந்தத் துறை, எந்த வவுச்சரில் திருப்பிக் கொடுத்தது? விடுதலையானவருக்கு நஷ்ட ஈடு கொடுக்க அந்த ஏணியில் ஒரு படிகூடக் கட்டவில்லை.

அதற்கு நடுவில் 2015 ஏப்ரல் 7. சந்திரகிரிப் பக்கத்துக் காட்டில் ஆந்திர அதிரடிப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள், நான் தப்பித்தேன் என்று உயிர் பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். அந்த இருபது பேருக்கு ரிமாண்டு, வாய்தா, ஜாமீன், விடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஃபைல் இல்லாத நிர்வாகம்.

உயிரோடு பிடிபட்டவர் கதையைக் கேளுங்கள். ஒரு நாள் மனு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம்; எல்லா இடமும் அதே இடம்தான். மலையிலிருந்து ஒரு அம்மா வந்து நின்றார். கையில் மஞ்சள் பை.

"பையன் எந்த ஜெயிலும்மா?"

"நெல்லூருன்றாங்க சாமி. கடப்பான்றாங்க. திருப்பதின்னும் ஒருத்தர் சொன்னாரு."

"என்ன கேஸு, நம்பர் ஏதாச்சும்?"

அந்த அம்மா பையைத் திறந்து, ஒரு பாலிதீன் கவருக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். தெலுங்கில் இருந்தது. அங்கே இருந்த யாருக்கும் தெலுங்கு தெரியாது. கௌண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க லிமிட் இல்லம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் குடிங்க என்று பாட்டிலைக்கூட நகர்த்தினார். லிமிட் மட்டும் அவருடையது இல்லை.

அந்த அம்மாவின் மகனுக்கு ஜாமீன் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். கிடைத்த பிறகுதான் கஷ்டம். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். சொத்துச் சான்று வேண்டும். ஜவ்வாது மலைக்காரருக்குத் திருப்பதியில் யார் சொத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? அங்கே அவருக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் வெங்கடாசலபதி; அவருக்கே குபேரனிடம் கல்யாணக் கடன். ஆக ஜாமீன் ஆர்டர் சட்டைப் பையில், ஆள் கம்பிக்குப் பின்னால்.

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1978லேயே பதில் சொல்லிவிட்டது என்பதுதான் என்னை ஆத்திரப்படுத்துகிறது. மோத்தி ராம் என்ற கொத்தனார், மத்தியப் பிரதேசம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட்டு. அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தால், உன் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது, செல்லாது என்றார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் வெகுண்டுவிட்டார். தெற்கே இருந்து வடக்கே போன தமிழனோ தெலுங்கனோ மலையாளியோ பிடிபட்டால் அந்த ஊரில் ஜாமீனுக்கு எவரைத் தேடுவான், வேறு ஜில்லா சொத்து செல்லாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டார். ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அந்தக் கொத்தனாரை விடச் சொன்னார். தீர்ப்பு வந்து இரண்டு தலைமுறை ஆயிற்று. சட்டக் கல்லூரியில் அதைப் பரீட்சைக்குக் கேட்கிறார்கள். எழுதி மார்க் வாங்கியவர்கள் மாஜிஸ்திரேட்டாகி, உள்ளூர் ஜாமீன்தாரர் கொண்டா என்கிறார்கள்.

ஏழைக் கைதிக்கு அரசாங்கமே பணம் கட்டும் திட்டம் ஒன்று 2023இல் தில்லியிலிருந்து வந்தது. ஜாமீன் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய்வரை; அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000வரை; இது அப்போதைய வரம்பு. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதை யார் முடிவு செய்வது? மாவட்டத்தில் ஐந்து பேர் குழு: ஆட்சியர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், போலீஸ் எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், ஒரு நீதிபதி. தொகை வரம்பைத் தாண்டினால் மாநிலத்தில் இன்னோர் ஐந்து பேர் குழு. உள்துறைச் செயலாளர், உயர் நீதிமன்றப் பதிவாளர் எல்லாரும் அதில். ஒரு கூலிக்காரரை ஐந்து பெரிய அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கூடுவது குடியரசு தினத்துக் கொடியேற்றத்தில்தான். அங்கே மிட்டாய்தான் கொடுப்பார்கள்.

சரி, எல்லாருக்கும் இப்படித்தானா? இல்லை. அதைத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜவ்வாது மலை மேற்கே இறங்குகிற பக்கம் ஜோலார்பேட்டை. அங்கே அற்புதம்மாள். மகன் பேரறிவாளனை ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கொண்டுபோனார்கள். முதல் விடுப்பு எப்போது? 2017 ஆகஸ்டில், இருபத்தாறு வருஷம் கழித்து, தகப்பனார் உடம்பு சரியில்லை என்று. விடுதலை செய்யலாம் என்று தமிழ்நாட்டு அமைச்சரவை 2018 செப்டம்பரில் தீர்மானம் போட்டது. நான் மேலே சொன்ன ஏணியில் ஒரு படியை விட்டுவிட்டேன், ஆளுநர் மேசை. அந்த மேசையில் காகிதம் இரண்டு வருஷத்துக்கு மேல் தூங்கியது. கடைசியில் உச்ச நீதிமன்றம் 142ஆம் பிரிவை எடுத்து, 2022 மே 18 அன்று தானே விடுவித்தது. அரசியல் சாசனத்தின் கடைசி ஆயுதத்தைத் தூக்கினால்தான் ஜோலார்பேட்டைக்கு வழி திறக்கும்.

பேரறிவாளன் முதல் விடுப்பில் வந்த அதே 2017 ஆகஸ்ட் மாதம்தான் ஹரியாணாவில் குர்மீத் ராம் ரஹீம் சிங்கைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது வருஷத் தண்டனை. அவர் 2023 ஜனவரியில் 40 நாள், 2024 ஜனவரியில் 50 நாள், 2025 ஜனவரியில் 30 நாள் வெளியே வந்தார். நான் சொன்னது ஜனவரிக் கணக்கு மட்டும். மற்ற மாசங்களும் உண்டு. தேர்தல் எங்கே வருகிறதோ அங்கே அவருக்கு ஆசிரமத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய ஞாபகம் வந்துவிடுகிறது. அந்த மாநிலத்துச் சட்டத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? நன்னடத்தைக் கைதிகள் தற்காலிக விடுவிப்புச் சட்டம். நன்னடத்தை! பெங்களூருப் பரப்பன அக்ரஹாரச் சிறையில் வி.கே.சசிகலாவுக்குத் தனிச் சமையல் முதலான சலுகை கொடுக்கிறார்கள், இதில் இரண்டு கோடி கைமாறியதாகப் பேச்சு என்று 2017இல் சிறைத்துறை டி.ஐ.ஜி. ரூபா மேலதிகாரிக்கே அறிக்கை எழுதினார். மேலதிகாரி மறுத்தார். சில நாளில் இடமாற்றம் வந்தது. அறிக்கை எழுதியவருக்கும் வந்தது. ஏணி வேகமாக வேலை செய்த இன்னொரு சந்தர்ப்பம்.

நம் ஊர் ஆயுள் கைதிக்கு ஒரே நம்பிக்கை தலைவர்களின் பிறந்தநாள். 2008இல் அண்ணா நூற்றாண்டு, ஆயிரத்து நானூறுக்கு மேல் விடுதலை. 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு. 2021இல் மறுபடி அண்ணா பிறந்தநாள். ஆகவே சிறையில் இருப்பவர்கள் திருந்துவதைவிட, எந்தத் தலைவருக்கு எப்போது நூறு வயது என்று கணக்குப் பார்ப்பது புத்திசாலித்தனம். குற்றத்தின் தன்மை, நடத்தை, வயது, வீட்டு நிலைமை என்பதெல்லாம் பிறகு; முதலில் காலண்டர். தலைவர்கள் அடிக்கடி பிறக்காதது யார் குற்றம்?

இவ்வளவையும் எழுதிய பிறகு அந்த மஞ்சள் பை அம்மாதான் கண்ணில் நிற்கிறார். அவருக்கு 142ஆம் பிரிவு வேண்டாம். மகன் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பழங்குடிக்கு இலவச வக்கீல் என்கிறது; காவலில் இருப்பவருக்கும் இலவச வக்கீல் என்கிறது. மலைக்காரர் சிறைக்குப் போனால் இரண்டு பக்கமும் உரிமை உள்ளவர். இரட்டை உரிமை, ஒற்றை வக்கீல்கூட இல்லை.

ஓட்டுக் கேட்டு மலையேறும் கட்சிக்காரர்களே, ஆட்சியர் அவர்களே, உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஜமுனாமரத்தூரில் ஒரு மேசை போடுங்கள். வாரம் ஒரு நாள் தெலுங்கு தெரிந்த ஒரு வக்கீல் அங்கே வந்து உட்காரட்டும். இந்த மலையிலிருந்து போய் வேலூரிலும் நெல்லூரிலும் கடப்பாவிலும் அடைபட்டிருப்பவர் யார் யார், எந்த வழக்கு, ஜாமீன் கிடைத்தும் ஆளில்லாமல் உள்ளே கிடப்பவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். தேடி வருகிற தாய்க்கு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து ஊர் பெயரைச் சொன்னால் போதும். அந்த நோட்டை வாங்க ஐந்து பேர் குழு கூட வேண்டாம். நூறு பக்க நோட்டு கலசப்பாக்கம் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.